கையில் இருக்கும் தொலைநோக்கிக்கு எந்த எச்-அல்பா ஃபில்டர்? மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் சூரியன் பார்ப்பவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

எச்-அல்பா ஃபில்டர் வாங்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால் நான் முதலில் திருப்பிக் கேட்பது இரண்டு எண்கள்தான். உங்கள் தொலைநோக்கியின் முன்வில்லை எத்தனை மில்லிமீட்டர் விட்டம், அதன் குவியத் தூரம் எவ்வளவு? குழாயின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சின்ன ஸ்டிக்கரில் இரண்டுமே இருக்கும். அதைப் பார்க்காமல் விலையையும் பிராண்டையும் வைத்து ஃபில்டரைத் தேர்ந்தால், ஒரு குழாயில் அருமையாக வேலை செய்த அதே சாமான் உங்கள் குழாயில் மங்கலான சிவப்பு வட்டம் ஒன்றைக் காட்டிவிட்டு நிற்கும். ஃபில்டர் பழுதில்லை, பொருத்தம்தான் பிழை.

எதற்காக இவ்வளவு செலவு என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாதாரண சூரிய ஃபில்டரில் தெரிவது ஒளிமண்டலம்: வெள்ளைத் தட்டு, அதில் சில கரும்புள்ளிகள். அதற்கு மேலே இருக்கும் நிறமண்டலத்தில்தான் விளிம்பில் எழும் சுவாலைகள், தட்டின் மேல் கறுப்பாக ஓடும் இழைகள், புள்ளிக்கூட்டங்களைச் சுற்றிய சுருள்கள், அதிர்ஷ்டம் இருந்தால் கண்முன்னே வெடிக்கும் ஒரு ஃபிளேர் எல்லாம் இருக்கின்றன. ஐதரசன் அணுவில் இலத்திரன் மூன்றாம் மட்டத்திலிருந்து இரண்டாம் மட்டத்துக்கு இறங்கும்போது வரும் 656.28 நனோமீட்டர் சிவப்பு ஒளியில் அவை தெரியும், எச்-அல்பா என்பது இந்த ஒளிதான். ஆனால் கீழே உள்ள ஒளிமண்டலத்தின் வெளிச்சம் அவற்றை அப்படியே மூழ்கடித்துவிடும். அந்த ஒரு அலைநீளத்தை (கோடு என்பார்கள்) மட்டும் பிரித்தெடுத்தால்தான் உண்டு. கொடைக்கானல் ஆய்வகத்தில் 1912இலிருந்தே இந்த எச்-அல்பா ஒளியில் சூரியனைப் படமெடுத்து வந்திருக்கிறார்கள். அன்று அறையளவு கருவி செய்த வேலையை இன்று உள்ளங்கையில் அடங்கும் சாமான் செய்கிறது.

முதல் படி: பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்

"அண்ணா, எச்-அல்பா ஃபில்டர் ஒண்டு ஒன்லைன்ல மலிவாக் கிடக்கு, வாங்கட்டா?" என்று படம் அனுப்பிக் கேட்பவர்கள் அதிகம். பெரும்பாலும் அது 7 நனோமீட்டர் ஃபில்டராக இருக்கும். இரவில் நெபுலாக்களைப் படமெடுக்கப் பயன்படுவது. அதன் பெயரும் எச்-அல்பா, விலையோ சூரிய ஃபில்டரில் ஒரு சிறு பங்கு.

7 நனோமீட்டர் என்றால் 70 அங்ஸ்ட்ரம். சூரியனுக்கு வேண்டியது 1 அங்ஸ்ட்ரத்துக்கும் குறைவு, அதாவது 0.1 நனோமீட்டருக்குள். கிட்டத்தட்ட நூறு மடங்கு வித்தியாசம். நிறமண்டலம் அதில் தெரியவே தெரியாது என்பது ஒரு பக்கம். வெப்பத்தையோ வெளிச்சத்தையோ கண்ணுக்குப் பாதுகாப்பான அளவுக்குக் குறைக்க அது செய்யப்படவே இல்லை என்பதுதான் பெரிய விஷயம். அதை ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் வில்லை) திருகிச் சூரியனைப் பார்த்தால் விழித்திரை வெந்துவிடும். வலியே தெரியாமல் நடக்கும், ஏனென்றால் விழித்திரைக்கு வலி நரம்பு இல்லை. 3, 7, 12 நனோமீட்டர் என்று போட்டிருந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். அளவு அங்ஸ்ட்ரத்தில், 1க்குக் குறைவாக எழுதியிருக்க வேண்டும்.

கிரகணக் கண்ணாடியையும் இங்கே சேர்க்க வேண்டாம். அது வெறுங்கண்ணுக்கு. தொலைநோக்கியின் பின்னால் நின்று அதைப் போட்டுக்கொண்டு பார்த்தால், குவிந்த ஒளி அந்தத் தாளைத் துளைத்துக்கொண்டு வந்துவிடும்.

இரண்டாம் படி: "ஃபில்டர்" என்பது மூன்று சாமான்

முதலாவது, வெப்பத்தைத் தள்ளும் முன்கண்ணாடி. சுருக்கமாக ஈ.ஆர்.எஃப். என்பார்கள். இரண்டாவது எட்டலோன், இதுதான் இதயம். மிக மிகச் சமாந்தரமான இரண்டு பரப்புகளுக்கு இடையில் ஒளி முன்னும் பின்னும் தெறித்து, இடைவெளிக்குப் பொருந்தும் அலைநீளங்கள் மட்டும் வெளியே வரும். மூன்றாவது பிளாக்கிங் ஃபில்டர்.

மூன்றாவது எதற்கு என்றால், எட்டலோன் ஒரே ஒரு கோட்டை விடுவதில்லை. சீப்பின் பற்கள் மாதிரி, சுமார் பத்து அங்ஸ்ட்ரத்துக்கு ஒன்றாக வரிசையாகப் பல கோடுகளை விடும். அவற்றில் எச்-அல்பாப் பல்லை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அடைப்பது பிளாக்கிங் ஃபில்டரின் வேலை. அதனால் முன்னால் எட்டலோன் மாட்டியிருக்கிறோமே என்று சாதாரண டயகனலில் (ஒளியைப் பக்கமாகத் திருப்பும் துண்டு) ஐபீஸைப் போட்டுப் பார்ப்பது ஆபத்து. பழைய சாமான் விற்பவர்கள் எட்டலோனைத் தனியாகவும் பிளாக்கிங் ஃபில்டரைத் தனியாகவும் விற்பார்கள், எட்டலோன் மட்டும் மலிவாகக் கிடைத்தால் சந்தோஷப்பட முதல் மற்றதன் விலையையும் கூட்டிப் பாருங்கள்.

மூன்றாம் படி: எவ்வளவு ஒடுக்கம் வேண்டும்?

விளிம்புச் சுவாலைகள் மட்டும் போதும் என்றால் 1 அங்ஸ்ட்ரம் வரை சரி. பின்னணி கறுப்பு வானம் என்பதால் கொஞ்சம் அகலம் இருந்தாலும் அவை தெரியும். தட்டின் மேலுள்ள இழைகளும் அமைப்பும் தெளிவாக வேண்டும் என்றால் 0.7க்குக் கீழே வர வேண்டும். இரண்டு எட்டலோனை அடுத்தடுத்துப் போடும் இரட்டை அடுக்கில் சுமார் 0.5க்கு இறங்கலாம், அப்போது மேற்பரப்பு முப்பரிமாணமாக எழுந்து நிற்கும். ஆனால் படம் இருண்டுவிடும், விளிம்பில் மெல்லிய சுவாலைகள் மங்கும், விலை ஏறக்குறைய இரட்டிக்கும். முதல் கருவிக்கே இரட்டை அடுக்கு வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். பிறகு சேர்க்கக்கூடிய மாடலாகப் பார்த்து வாங்குங்கள், அது போதும்.

நான்காம் படி: எட்டலோன் எங்கே உட்காருகிறது?

இதைப் புரிந்துகொண்டால் மீதித் தேர்வு தானாக வரும். எட்டலோனுக்குப் பிடித்தது நேராக வரும் கதிர்கள். சாய்ந்து வரும் கதிருக்கு அது வேறு அலைநீளத்தை விடும், எப்போதும் நீலப் பக்கமாக நகர்ந்த அலைநீளத்தை.

முன்னால் மாட்டும் வகையில் (கொரொனாடோ கம்பனியின் சோலார்மேக்ஸ், லண்ட் கம்பனியின் முன் எட்டலோன்கள்) சூரிய ஒளி வில்லைக்குள் போவதற்கு முன்பே எட்டலோனைக் கடக்கிறது. சூரியனின் விளிம்பிலிருந்து வரும் கதிர் நடுவிலிருந்து கால் பாகைதான் சாய்ந்திருக்கும், அதனால் ஏற்படும் நகர்வு 0.07 அங்ஸ்ட்ரம் அளவில், பொருட்டே இல்லை. தட்டு முழுவதும் சீராகத் தெரியும், தொலைநோக்கியின் எஃப் விகிதம் (குவியத் தூரத்தை விட்டத்தால் வகுத்த எண்) எதுவானாலும் கவலை இல்லை. குறை என்னவென்றால் எட்டலோனின் விட்டம்தான் இனி உங்கள் தொலைநோக்கியின் விட்டம். 100 மி.மீ. குழாயில் 40 மி.மீ. எட்டலோன் போட்டால் அது 40 மி.மீ. தொலைநோக்கி. எட்டலோன் பெரிதாகப் பெரிதாக விலை பாய்ந்து ஏறும்.

உள்ளே வைக்கும் வகையில் குழாயின் நடுவில் வில்லைகளால் கதிர்களை மறுபடி சமாந்தரமாக்கி, சிறிய எட்டலோன் ஒன்றை வைக்கிறார்கள். கொரொனாடோவின் சிறிய சூரியத் தொலைநோக்கியான பி.எஸ்.டி. இப்படித்தான்: 40 மி.மீ. முன்வில்லை, உள்ளே சுமார் 20 மி.மீ. எட்டலோன். ஒளிக்கற்றையைப் பாதியாக ஒடுக்கினால் கதிர்களின் சாய்வு இரட்டிக்கும், நகர்வு நான்கு மடங்காகும். அதாவது விளிம்பில் 0.3 அங்ஸ்ட்ரத்துக்குக் கிட்ட. அதனால்தான் பி.எஸ்.டி.யில் நடுவில் நன்றாகத் தெரியும் விவரம் ஓரத்துக்குப் போகும்போது கரைகிறது. பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள், ஆர்வமான இடத்தை நடுவுக்குக் கொண்டுவந்து பாருங்கள். லண்டின் முழுச் சூரியத் தொலைநோக்கிகளும் (ஃபில்டர் எல்லாம் பொருத்திச் சூரியனுக்கென்றே செய்தவை) பெரும்பாலும் உள்வகைதான், அவற்றில் பலவற்றில் எட்டலோன் அறையின் காற்றழுத்தத்தை மாற்றி டியூன் செய்யும், அதாவது விடும் அலைநீளத்தை நகர்த்தும் வசதி இருக்கிறது.

பின்னால் மாட்டும் வகையில் பிரபலமானது டேஸ்டார் குவார்க். ஐபீஸ் இருக்கும் இடத்தில் இதைச் செருகி, ஐபீஸை இதன் மேல் வைக்கிறீர்கள். உள்ளே மைக்கா எட்டலோன், அதைச் சூடாக்கி டியூன் செய்யும் மின் அடுப்பு, பிளாக்கிங் ஃபில்டர், 4.2 மடங்கு டெலிசென்ட்ரிக் பார்லோ (குவியத் தூரத்தை அத்தனை மடங்கு கூட்டும் வில்லை) எல்லாம் சேர்ந்தே இருக்கின்றன. அந்த 4.2 எதற்கு? கூம்பாக வரும் ஒளியின் கோணத்தைக் குறைக்க. எஃப்/10 கூம்பின் ஓரக் கதிர் மைக்காவுக்குள் சுமார் 3 அங்ஸ்ட்ரம் நகர்ந்துவிடும், அரை அங்ஸ்ட்ரம் ஃபில்டரில் அது பெரும் கேடு. எஃப்/30 ஆக்கினால் 0.4க்குள் அடங்கும். ஆகவே குவார்க் வாங்குபவர்கள் மனதில் வைக்க வேண்டிய இலக்கு எஃப்/30 பக்கம்.

ஐந்தாம் படி: உங்கள் குழாயை எடுத்து வைத்துப் பாருங்கள்

இங்கேதான் பணம் மிச்சமாவதும் வீணாவதும்.

70 முதல் 80 மி.மீ. விட்டம், எஃப்/6 முதல் எஃப்/7.5 வரையான வில்லைத் தொலைநோக்கி இருக்கிறதா? உங்களுக்கு யோகம். 72 மி.மீ., 430 மி.மீ. குவியத் தூரம் என்று வைத்துக்கொள்வோம். குவார்க்கோடு எஃப்/25, குவியத் தூரம் 1800 மி.மீ. ஆகும். சூரியனின் முழுத் தட்டும் 32 மி.மீ. ஐபீஸில் அடங்கும். 80 மி.மீ., 600 மி.மீ. என்றால் எஃப்/31, எட்டலோனுக்கு மிகவும் பிடித்தது, ஆனால் முழுத் தட்டும் ஒரே பார்வையில் வராது. குழாயின் குவியத் தூரம் 450ஐத் தாண்டினால் குவார்க்கில் முழுச் சூரியனை மறந்துவிடலாம். எனக்கு அது குறையாகப் படவில்லை, ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் காட்டப் போகிறீர்கள் என்றால் முழு வட்டம் தெரிவது முக்கியம். சிவப்புத் திரையில் ஒரு துண்டைக் காட்டி இதுதான் சூரியன் என்றால் அவர்கள் நம்பமாட்டார்கள்.

80 மி.மீ., 400 மி.மீ. குட்டைக் குழாய் (எஃப்/5) இருந்தால் குவார்க்கோடு எஃப்/21தான் வரும், கொஞ்சம் அகலம் கூடிய கூம்பு. கார்ட்போர்ட் மட்டையில் 60 மி.மீ. வட்டத் துளை வெட்டி முன்னால் மாட்டினால் எஃப்/28 ஆகிவிடும், மேற்பரப்பு விவரம் கூடுவதை அதே நிமிடத்தில் பார்க்கலாம். செலவில்லாத வேலை.

இன்னொரு நல்ல செய்தி. இரவில் நிலாவைச் சுற்றி ஊதா விளிம்பு காட்டும் மலிவான அக்ரோமேட் குழாய்கள் இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும். நாம் பார்ப்பது ஒரே ஒரு அலைநீளம், நிறம் பிரிய அங்கே வேறு நிறமே இல்லை. சூரியனுக்காக மட்டும் நிறம் பிரியாத, விலை கூடிய அப்போகுரோமேட் குழாய் வாங்குவது காசைக் கடலில் போடுவது. குழாயில் பார்க்க வேண்டியது ஃபோகஸரை. ஆடாமல், பிளாஸ்டிக் இல்லாமல், குவார்க்கின் பாரத்தைத் தாங்க வேண்டும்.

நம் பக்கம் வீடுகளில் அதிகம் இருப்பது 70 மி.மீ., 900 மி.மீ. நீளக் குழாய். இதில் நேரே குவார்க் போட்டால் 3780 மி.மீ., எஃப்/54. படம் இருண்டு, சூரியனின் ஒரு மூலை மட்டும் பெரிதாகத் தெரியும். பார்லோ இல்லாத குவார்க் கொம்போவை 2.5 மடங்கு பவர்மேட்டோடு (இதுவும் பார்லோ மாதிரி வில்லைதான்) போட்டால் எஃப்/32 வரும், வேலை செய்யும், ஆனால் அந்தக் கூட்டு விலைக்கு 40 மி.மீ. சூரியத் தொலைநோக்கி ஒன்றே வாங்கிவிடலாம். முன்னால் மாட்டும் 40 மி.மீ. எட்டலோன் இந்தக் குழாய்க்கு இன்னும் இயல்பாகப் பொருந்தும். 900 மி.மீ. குவியத் தூரத்துக்கு ஏற்ற பிளாக்கிங் ஃபில்டர் வேண்டும், அதைக் கீழே சொல்கிறேன்.

100 மி.மீ.க்கு மேற்பட்ட வில்லைக் குழாய்கள் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. நம் கரையோரப் பகல் காற்றில் 80 மி.மீ.க்கு மேல் காட்டும் நாட்கள் குறைவு. வாய் பெரிதானால் விவரம் கூடுவதற்குப் பதில் துடிப்புத்தான் கூடும்.

நியூட்டோனியன் வைத்திருப்பவர்கள் கோபிக்க வேண்டாம், இதற்கு அதை விட்டுவிடுங்கள். முன்னால் வெப்பத்தைத் தடுக்காமல் 150 மி.மீ. கண்ணாடி குவிக்கும் வெயில் இரண்டாம் கண்ணாடியையும் அதன் பிடியையும் சுட்டுவிடும், பல குழாய்களில் ஃபோகஸும் எட்டாது. ஸ்மித்-காசகிரேன், மாக்சுடோவ் குழாய்களும் இதே கதைதான்: மூடிய குழாய்க்குள் சூடு தேங்கும், 200 மி.மீ. எஃப்/10 குழாயில் குவார்க் போட்டால் குவியத் தூரம் எட்டு மீட்டரைத் தாண்டும். முழு விட்டத்துக்கும் ஈ.ஆர்.எஃப். போட்டு இவற்றில் பிரமாதமாகப் படமெடுப்பவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். அந்த ஈ.ஆர்.எஃப். விலையில் நல்ல 80 மி.மீ. குழாயும் ஸ்டாண்டும் சேர்த்தே வாங்கலாம்.

தொலைநோக்கியே இல்லை, புதிதாகத் தொடங்குகிறேன் என்பவர்களுக்கு என் பதில் எப்போதும் ஒன்று: 40 முதல் 60 மி.மீ. வரையான முழுச் சூரியத் தொலைநோக்கி. பொருத்தப் பிரச்சினை எதுவும் கிடையாது, கழற்றி மறக்க ஒரு பாகமும் இல்லை, பிள்ளைகள் சுற்றி நிற்கும்போது நிம்மதி. இரவில் பயன்படாது என்பார்கள், உண்மைதான். லண்டின் சில மாடல்களில் எட்டலோன் பகுதியைக் கழற்றி இரவிலும் பயன்படுத்தலாம், விலை அதற்கேற்றபடி.

ஆறாம் படி: பிளாக்கிங் ஃபில்டரின் அளவு

குவார்க் வாங்குபவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். மற்றவர்களுக்கு ஒரு கணக்கு: குவியத் தூரத்தை 100ஆல் வகுங்கள். அதுதான் முழுத் தட்டும் வெட்டுப்படாமல் தெரியத் தேவையான விட்டம், கொஞ்சம் இடமும் விட்டு. உண்மையில் சூரியப் படிமம் குவியத் தூரத்தில் சுமார் 107இல் ஒரு பங்கு. 400 மி.மீ. குழாயில் 3.7 மி.மீ. படிமம், 5 மி.மீ. ஃபில்டர் போதும். 900 மி.மீ. குழாயில் 8.4 மி.மீ., ஆக 10 வேண்டும். கொரொனாடோவில் பெயரிலேயே மில்லிமீட்டர் இருக்கும்: பி.எஃப். 5, 10, 15, 30. லண்டில் பி 600 என்றால் 6 மி.மீ., பி 1200 என்றால் 12. கமராவில் படமெடுக்கும் எண்ணம் இருந்தால் ஒரு அளவு கூட்டியே வாங்குங்கள், ஓரம் இருளாமல் இருக்கும்.

இந்த ஃபில்டர் பெரும்பாலும் ஒரு டயகனலுக்குள் வரும், அது ஒளிப்பாதையில் சில சென்டிமீட்டரைத் தின்னும். உங்கள் குழாயின் ஃபோகஸர் அவ்வளவு உள்ளே போகுமா என்று முன்கூட்டியே அளந்துகொள்ளுங்கள். வாங்கிய பிறகு குழாயை வாளால் அறுத்தவர்களும் உண்டு.

ஏழாம் படி: வெப்பம்

குவார்க்குக்கு 80 மி.மீ. வரையான வில்லைக் குழாயில் முன்கண்ணாடி தேவையில்லை. 80 முதல் 150 வரை டயகனலுக்கு முன்னால் யூவி-ஐஆர் கட் ஃபில்டர் (புற ஊதா, அகச்சிவப்புக் கதிர்களைத் தடுப்பது), அதற்கு மேல் முன்வில்லையையே மூடும் ஈ.ஆர்.எஃப். கையேட்டில் உங்கள் மாடலுக்கு என்ன எழுதியிருக்கிறதோ அதையே பின்பற்றுங்கள். நான் 80 மி.மீ.க்கும் யூவி-ஐஆர் கட் போடச் சொல்வேன். சித்திரை வெயிலில் மணிக்கணக்காகப் பின்தொடர விட்டால் உள்ளே என்ன சூடு ஏறும் என்பது நமக்குத்தான் தெரியும்.

பின்பக்கம் கூடுதல் வில்லைகள் உள்ள பெட்ஸ்வால் வகைக் குழாய்களிலும், வில்லைகளுக்கு இடையில் எண்ணெய் விட்ட குழாய்களிலும் பின்னால் மாட்டும் ஃபில்டரைத் தவிருங்கள். குழாய்க்குள் பிளாஸ்டிக் வளையங்கள் இருந்தால் அவையும் உருகும். ஃபைண்டரை (குழாயின் மேலிருக்கும் குட்டிக் குறிநோக்கி) கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். மூடி போட்டாலும் ஒரு பிள்ளை அதைக் கழற்றிப் பார்க்கும்.

எட்டாம் படி: டியூன் செய்தல்

முதல் முறை பார்ப்பவர்கள் ஏமாறுவது இங்கே. சிவப்பு வட்டம் தெரிந்ததும் இவ்வளவுதானா என்று விட்டுவிடுவார்கள். முதலில் விளிம்பில் ஃபோகஸ் பண்ணுங்கள், பிறகு டியூனரை மெதுவாக நகர்த்தித் தட்டின் மேல் கறுப்பு இழைகள் அதிகபட்சமாகத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். விளிம்பு இரட்டையாக, மெல்லிய தோல் போர்த்த மாதிரித் தெரிந்தால் நீங்கள் இன்னும் கோட்டுக்கு வெளியே இருக்கிறீர்கள்.

குவார்க்கில் குமிழ் ஒவ்வொரு கிளிக்கும் 0.1 அங்ஸ்ட்ரம். திருப்பிய உடனே ஒன்றும் நடக்காது, வெப்பநிலை நிலைக்க சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். 5 வோல்ட், 1.5 அம்பியர் தருகிற பவர் பேங்க் வேண்டும், மலிவானவை இடையில் தூங்கிவிடும். அந்த அடுப்புக்குச் சூடாக்க மட்டும்தான் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. நம் மத்தியான வெயில் நேரே அதன் உடம்பில் பட்டால் நீலப் பக்கம் டியூன் பண்ணவே முடியாமல் போகலாம். வெள்ளைத் துணியோ அலுமினியத் தாளோ சுற்றி நிழல் கொடுங்கள்.

காற்று இடைவெளி எட்டலோன்கள் காற்றழுத்தத்துக்கு ஏற்ப நகரும். கல்லடியில் கடல் மட்டத்தில் டியூன் பண்ணிய கருவியைக் கிட்டத்தட்ட 1900 மீட்டர் உயர நுவரெலியாவுக்குக் கொண்டுபோனால் மறுபடி டியூன் பண்ணத்தான் வேண்டும். அழுத்தத்தால் டியூன் ஆகும் லண்டுக்கு அது பிரச்சினை இல்லை.

தலைக்கு மேல் ஒரு கறுப்புத் துணி அவசியம். வெளிச்சத்தில் கூசிய கண்ணுக்கு இழைகள் தெரியாது. துணிக்குள் இரண்டு நிமிடம் இருந்து பாருங்கள், வேறு ஃபில்டர் போட்ட மாதிரி இருக்கும். வியர்க்கும், அதற்கு வழியில்லை.

ஒன்பதாம் படி: எங்கே, எப்போது

உதயப்பூரில் ஃபதே சாகர் ஏரியின் நடுத்தீவில் சூரிய ஆய்வகத்தைக் கட்டியதற்குக் காரணம், நீர் சூழ்ந்த இடத்தில் தரை கொதித்துக் காற்றைக் குழப்பாது என்பதுதான். நமக்கு வாவி வீட்டு வாசலில் இருக்கிறது. சீமெந்து மொட்டைமாடியும் தகரக் கூரையும்தான் மிக மோசமான இடங்கள், ஆனால் எல்லோரும் அங்கேதான் ஏறுகிறார்கள். புல் வளர்ந்த வளவு, வாவிக்கரை, தண்ணீர் நிற்கும் வயல் ஓரம் எல்லாம் அதைவிடப் பல மடங்கு மேல். அம்பாறைப் பக்கம் இருப்பவர்களுக்கு இங்கினியாகலையில் சேனாநாயக்க சமுத்திரத்தின் கரை இருக்கிறது.

நேரம் காலை ஏழரை முதல் ஒன்பதரை வரை. அதற்கு முன் கடலுக்கு மேல் ஈரக் காற்று தடிப்பாக இருக்கும், அதற்குப் பின் தரை சூடேறிவிடும். வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் வானம் வெளுத்திருக்கும் என்று சந்தோஷப்பட்டால், பத்து மணிக்குப் பிறகு விளிம்பு கொதித்துக்கொண்டிருக்கும். கல்லடி, திருக்கோவில் மாதிரிக் கடலை ஒட்டிய இடங்களில் கடற்காற்று பிடித்த பிறகும் சில நாட்கள் படம் நிற்பதுண்டு. கார்த்திகை முதல் தை வரை மாரி, அப்போது கருவி பெட்டிக்குள் இருக்கட்டும்.

ஸ்டாண்ட் பற்றி ஒன்று. நாம் இருப்பது வடக்கே சுமார் 7.7 பாகை அகலக்கோட்டில். பல எக்குவட்டோரியல் மவுன்ட்கள் (அச்சைத் துருவத்தை நோக்கிச் சாய்த்து வைப்பவை) இவ்வளவு தாழ்வாக இறங்கவே சிரமப்படும், எதிர்ப்பாரம் முக்காலியில் இடிக்கும், பகலில் துருவ நட்சத்திரமும் இல்லை. சூரியனைப் பின்தொடரும் வசதியுள்ள அல்ட்-அசிமுத் மவுன்ட் (மேல்கீழாகவும் பக்கவாட்டிலும் திரும்புவது) வாங்குங்கள். சித்திரைப் புத்தாண்டுக்குச் சற்று முன்பும் செப்டம்பர் முதல் வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், அப்போது எந்த அல்ட்-அசிமுத்தும் தடுமாறும். அந்த நேரத்தில் சாப்பிடப் போய்விடுங்கள்.

பத்தாம் படி: வாங்குவதும் சோதிப்பதும்

உள்ளூர்க் கடைகளில் இவற்றைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர் யாரும் இருந்தால் கைப்பையில் கொண்டுவரச் சொல்லுங்கள், லக்கேஜில் எறிபட்டால் எட்டலோனின் ஒட்டு விடும். தபாலில் எடுப்பதானால் சுங்கத்தில் என்ன வரும் என்று முதலே விசாரித்து அதையும் விலையோடு கூட்டுங்கள்.

பழைய பி.எஸ்.டி.யில் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். முன்வில்லையின் பூச்சில் துரு மாதிரிப் புள்ளிகள் படர்ந்திருக்கிறதா? ஐபீஸ் பக்கமுள்ள பிளாக்கிங் பகுதியின் சிறு கண்ணாடி பால் படர்ந்த மாதிரி மங்கியிருக்கிறதா? அந்தக் கண்ணாடி ஈரத்தில் பழுதாகும் சாமான், மாற்றலாம், ஆனால் அந்தச் செலவை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். அது நம் உப்புக் காற்றில் இன்னும் சீக்கிரம் போகும். காற்றுப் புகாத பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல், நிறம் மாறியதும் வறுத்துக் காயவைத்து மறுபடி போடுங்கள். கடற்கரையில் பார்த்துவிட்டு வந்தால் வில்லையைத் துடைக்க அவசரப்படாமல் ஊதி எடுங்கள்.

புதிதாக வாங்கினாலும் திருப்பி அனுப்பும் காலம் முடிவதற்குள் ஒரு நல்ல காலையில் சோதித்துவிடுங்கள். பல நாடுகளிலிருந்து சூரியனைப் பார்க்கும் கோங் ஆய்வக வலையமைப்பு எச்-அல்பாப் படங்களை நாள் முழுவதும் இணையத்தில் போடுகிறது, அதன் ஆறு நிலையங்களில் ஒன்று உதயப்பூரில், நம் கடிகாரமும் அவர்கள் கடிகாரமும் ஒன்று. அன்றைய படத்தில் எந்த விளிம்பில் சுவாலை, எந்த இடத்தில் நீள இழை என்று பார்த்து வைத்துக்கொண்டு ஐபீஸில் தேடுங்கள். டயகனல் படத்தை இடம் வலமாகத் திருப்பும் என்பதை மறக்காதீர்கள். படத்தில் இருக்கும் பெரிய இழை டியூன் பண்ணியும், நடுவுக்குக் கொண்டுவந்தும், துணி போர்த்தும், காற்று அமைதியான காலையிலும் தெரியவில்லை என்றால், அப்போது விற்றவருக்கு எழுதலாம்.